முளைப்பாரிப் பாட்டுக்குக் காப்பிரைட் போட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்ததும், முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டும் முளைக்கொட்டுத் திண்ணைகளில் சத்தம் எழும். தேவிபட்டினம் தொடங்கிச் சாயல்குடி வரை ஊருக்கு ஊர் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார்கள். கூடவே வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல்பதிவும் சுற்றத் தொடங்கும். கோயிலில் சினிமாப் பாட்டுப் போட்டால் வழக்கு, செல்போனில் பாட்டு வைத்திருந்தால் சிறை என்று யாரோ மிரட்டுவார்கள். அதைக் கேட்டுப் பயந்தவரே மறுநாள் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவார். சட்டம் விட்டுக்கொடுத்த இடத்தில் நடுங்குகிறோம், சட்டம் பிடிக்கிற இடத்தில் கவலையே இல்லாமல் நிற்கிறோம். இதற்கு நடுவில் நம் ஊர்ப் பெண்கள் கட்டிப் பாடிய கும்மி, எங்கோ இருக்கும் ஒருவர் பெயரில் ஏறி, பாடியவரின் பிள்ளை நடத்தும் யூடியூப் சேனலுக்கே 'காப்பிரைட் அடிக்கிறது'. எங்களைப் போல் மைக்செட், ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களிடம் வந்து சேரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரு பாட்டுக்கு உரிமை ஒன்று என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டின் வரிகள் இலக்கியப் படைப்பு, எழுதியவருக்கு உரியவை. மெட்டு தனியான இசைப் படைப்பு. பதிவு செய்த ஒலி இன்னொரு உரிமை. அந்தப் பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர்தான் சட்டத்தின் கண்ணில் அதன் தயாரிப்பாளர். இவை தவிரப் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. வரிகளும் மெட்டும் ஆக்கியவர் வாழும் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் காக்கப்படும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு, நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு. கணக்கு எப்போதும் அடுத்த ஜனவரி 1 முதல். 1964இல் வெளிவந்த இசைத்தட்டின் பதிவுரிமை 2024 டிசம்பர் 31 வரை. ஆனால் அதே தட்டிலுள்ள மெட்டைப் போட்டவர் 1990இல் காலமாகியிருந்தால் மெட்டுக்கு 2050 வரை உயிர் உண்டு.

பக்கத்து எட்டயபுரத்துப் பாரதியை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். அவர் பாடல்களின் உரிமையை 1949இல் அரசு வாங்கிப் பின்னர் பொதுவுடைமை ஆக்கியது. அவர் வரிகளை யாரும் பாடலாம், அச்சிடலாம். ஆனால் ஒரு திரைப்படத்துக்காக ஓர் இசையமைப்பாளர் அந்த வரிகளுக்குப் போட்ட மெட்டும், ஒரு நிறுவனம் செய்த ஒலிப்பதிவும் பாரதியோடு பொதுவாகிவிடவில்லை. "பாரதி பாட்டுத்தானே" என்று படப் பதிவை எடுத்துப் பள்ளி ஆண்டுவிழா வீடியோவில் சேர்க்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இனி மெமரி கார்டு. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற தர அளவு) எம்பி3 நிமிடத்துக்கு ஒரு எம்பிக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 5 எம்பி. 4 ஜிபி கார்டில் 750 பாட்டுக்கு மேல் ஏறும். 320 கேபிபிஎஸ் என்றால் ஒரு பாட்டே 12 எம்பி. 300 பாட்டோடு கார்டு நிரம்பிவிடும். கடைகளில் '320' என்று ஏற்றித் தரப்படுவதில் பெரும்பகுதி, 128ஐ ஊதிப் பெருக்கியதுதான். ஃபைல் கனக்கும், போன ஒலி திரும்பி வராது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றினால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் நறுக்கியதுபோல் வெற்றிடம் தெரியும். பாக்ஸ் ஸ்பீக்கரில் போட்டால் ஜால்ரா ஓசை மணல் சலிப்பதுபோல் கேட்கும். குழாயில் போட்டால் வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம். குழாய் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் போவதே இல்லை.

சட்டம் பார்ப்பது இந்தத் தரத்தை அல்ல. மின்னணு முறையில் எந்த ஊடகத்திலும் சேமித்து வைப்பதே பிரதி எடுப்பதுதான் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான கையாளலுக்கு 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அது கேட்பவருக்கு, காசு வாங்கிக்கொண்டு ஊருக்கே ஏற்றித் தருகிற கடைக்கு அல்ல. 63ஆம் பிரிவில் தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக நடந்த மீறல் இல்லை என்றால் தக்க காரணம் எழுதி நீதிபதி இதைக் குறைக்கலாம். கடைக்காரருக்கு அந்தச் சலுகையும் கிடைக்காது. இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தபட்சமே ஓர் ஆண்டும் ஒரு லட்சமும். இந்தக் குற்றம் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, நீதிமன்றம் விரும்பினால் மட்டுமே தரும் வகை என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பயந்த கடைக்காரரிடம் பணம் பறிக்கவும் ஆள் வருவார்கள் என்பதால் இதையும் சொல்லவேண்டும். "ஆடியோ கம்பெனியிலிருந்து வருகிறோம், ரெய்டு" என்று யார் வந்தாலும், அவர் கையில் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும், எந்தெந்தப் பாட்டு தங்களுடையது என்ற பட்டியலும் இருக்கிறதா என்று கேளுங்கள். பறிமுதல் செய்யும் அதிகாரம் 64ஆம் பிரிவின்படி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்குத்தான் உண்டு. அவருக்கு வாரண்ட் தேவையில்லை. ஆனால் எடுத்ததை நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் வைக்க வேண்டும். எடுத்தவற்றின் பட்டியலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பப் பெறவேண்டுமானால் 15 நாளுக்குள் நடுவரிடம் மனு கொடுக்கலாம். ரசீதில்லாமல் கையில் வாங்கிக்கொண்டு 'முடித்துவிடுகிற' ஆளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

கடலில் பாட்டே கேட்கக் கூடாதா என்றால், கேட்கலாம். கரையை விட்டுச் சில மைல் போனதும் சிக்னல் இருக்காது. அதற்காகத்தான் பாட்டுச் செயலிகளில் சந்தா கட்டியவர்களுக்கு ஆஃப்லைன் டவுன்லோடு வசதி இருக்கிறது. கரையில் வைஃபையில் இறக்கிக்கொண்டு, சேமிக்கும் இடத்தை அமைப்புகளில் எஸ்டி கார்டுக்கு மாற்றிவிட்டால் போனின் நினைவகமும் மிஞ்சும். இதில் சறுக்குகிற இடங்கள் மூன்று. இப்படி இறக்கிய பாட்டுகள் பூட்டிய ஃபைல்கள் என்பதால் அந்தக் கார்டைப் பிடுங்கிப் படகு பிளேயரில் செருகினால் பாடாது. போனையே ஆக்ஸ் ஒயரிலோ புளூடூத்திலோ இணைக்க வேண்டும். பூட்டை உடைத்துப் பிரதி எடுக்கப் போனால் 65ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. இன்னொன்று, செயலி 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொடாவிட்டால் இறக்கிய பாட்டுகள் பாடாமல் நின்றுவிடும். பாட்டுக்கென்றே ஒரு பழைய போனைப் படகில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் முறை கடலுக்குப் போகும்போது இதுதான் நடக்கிறது. போனில் கோளாறு என்று கடைக்கு ஓடாமல், கிளம்புமுன் கரையிலேயே ஐந்து நிமிடம் இணையத்தோடு இணைத்து எடுங்கள். மூன்றாவது, தனுஷ்கோடிப் பக்கமும் கச்சத்தீவுப் பக்கமும் போன் இலங்கை டவரைப் பிடிக்கும். டேட்டா ரோமிங்கை அணைத்து வைக்காவிட்டால் பாட்டைவிட பில் சத்தமாக இருக்கும்.

டோரன்ட் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் பாட்டுப் பகிரும் நாப்ஸ்டர் சேவை 1999இல் தொடங்கி 2001இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டதற்குக் காரணம், எந்தப் பாட்டு யார் கணினியில் இருக்கிறது என்ற பட்டியல் அதன் கையிலேயே இருந்ததுதான். அடுத்து வந்த பிட்டோரன்ட் (டோரன்ட்) முறையில் பாட்டைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து வாங்குகிறோம். வாங்கும்போதே நம்மிடம் வந்த துண்டுகளை நம் கணினி மற்றவர்களுக்கு அனுப்பவும் செய்கிறது. "நான் கேட்கத்தான் இறக்கினேன்" என்ற வாதம் அங்கே நிற்காது. டெலிகிராம் சேனலில் ஏற்றி ஆயிரம் பேருக்கு விடுவதும் அதே கணக்குத்தான். பாட்டுப் பெயருக்குப் பின்னால் .apk என்று முடியும் ஃபைலைத் தொடவே வேண்டாம். அது பாட்டே இல்லை, போனில் நிறுவப்படும் செயலி.

திருவிழாவுக்கு வருவோம். உண்மையான மதச் சடங்கின்போது பாட்டைப் பாடுவதும் பதிவைப் போடுவதும் 52(1) பிரிவின் இசட்ஏ உட்பிரிவில் மீறல் ஆகாது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் விழாவுக்கும் அப்படியே. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் மதச் சடங்கில் சேரும் என்று அந்த உட்பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலை 24 அறிவிப்பில் இதை மறுபடி நினைவூட்டியது. ஆகவே முளைப்பாரி ஊர்வலத்துக்கும், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும், தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாத் தேருக்கும், மாப்பிள்ளை அழைப்புக்கும் பாட்டுப் போட யாரிடமும் உரிமம் வாங்கவேண்டாம். உரிமக் கட்டணம் கேட்டு வருபவரிடம் இந்த உட்பிரிவைக் காட்டுங்கள். டிக்கெட் போட்டு நடத்தும் இன்னிசைக் கச்சேரி, தங்கும் விடுதியின் புத்தாண்டு டிஜே, உணவகத்தில் பின்னணியில் ஓடும் பாட்டு எல்லாம் இதில் சேராது. வரிகளுக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் பதிப்புரிமைச் சங்கத்திடமும், பதிவுக்கு அதன் உரிமையாளரிடமோ அவர் சார்பில் உரிமம் தருவோரிடமோ தனித்தனியே வாங்கவேண்டும். விடுதிக்காரர் தன் சொந்தச் சந்தாவில் வரவேற்பறையில் பாட்டு ஓடவிடுவதும் செல்லாது. அந்தச் சந்தா தனி ஆளுக்கு மட்டும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே தெரியாத ஒரு நுணுக்கம் இதில் உண்டு. சட்டம் விலக்குத் தருவது பாட்டைப் போடுவதற்கு. பிரதி எடுத்து வைப்பதற்குத் தரவில்லை. திருட்டுத் தளத்தில் இறக்கி 64 ஜிபி பென்டிரைவில் நிரப்பி வைத்துக்கொண்டு 'கோயில் வேலை' என்று சொன்னால், போட்டது சரியாக இருக்கலாம், பென்டிரைவ் சரியாகாது. மைக்செட்காரர்கள் பழைய ஆடியோ சிடிக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதும், காசு கொடுத்து வாங்கிய ஃபைலுக்கு ரசீது மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துவதும் இதற்காகத்தான்.

திருவிழாவில் பாட்டு ஓடியது சரி. அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றியதும் விலக்கு முடிந்துவிட்டது. அங்கே கன்டென்ட் ஐடி என்ற எந்திரம், ஏற்கெனவே தன்னிடம் கொடுத்து வைத்த மாதிரிப் பதிவுகளோடு நம் வீடியோவின் ஒலியை ஒப்பிடுகிறது. பொருந்தினால் வருவது 'கிளெய்ம்'. வீடியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும், விளம்பரக் காசு மட்டும் அவர்களுக்குப் போகும், சேனலுக்கு ஆபத்தில்லை. 'ஸ்ட்ரைக்' வேறு. உரிமையாளர் நீக்கக் கோரிக்கை கொடுத்து வீடியோ போய்விடும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும். இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பதறி, "இது கோயில் விழா" என்று எழுதி கிளெய்மை எதிர்ப்பவர்கள்தான் கடைசியில் ஸ்ட்ரைக் வாங்குகிறார்கள். சினிமாப் பாட்டுக்கு வந்த கிளெய்ம் என்றால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பகுதியின் பாட்டை மட்டும் ஊமையாக்குங்கள்.

நம் சொந்தப் பாட்டுக்கு வருகிற கிளெய்ம்தான் எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்தது. அது நடக்கிற விதம் இதுதான். முளைக்கொட்டில் யாரோ செல்போனில் பதிவு செய்து குரூப்பில் போடுகிறார். வாய்ஸ் நோட்டாகப் போனால் ஃபைல் பெயர் PTT என்று தொடங்கும், ஆடியோவாகப் போனால் AUD என்று தொடங்கும். பின்னால் தேதியும் எண்ணும் மட்டும். ஊர்ப் பெயரும் பாடியவர் பெயரும் அப்போதே உதிர்ந்துவிட்டன. நாலைந்து குரூப் தாண்டியதும் ஒருவர் அதை எடுத்து, அடியில் கீபோர்டு தாளம் சேர்த்து, இணைய விநியோகச் செயலி வழியாக எல்லாப் பாட்டுச் செயலிகளுக்கும் அனுப்புகிறார். அப்போது 'கன்டென்ட் ஐடி வேண்டுமா' என்று ஒரு கட்டம் வரும். முழு உரிமையும் தன்னிடம் மட்டுமே இருந்தால்தான் அதில் டிக் போட வேண்டும் என்பது விதி. அவர் போட்டுவிடுகிறார். எந்திரத்துக்கு முதலில் பாடியவர் யார் என்று தெரியாது, முதலில் மாதிரி கொடுத்தவரைத்தான் தெரியும். அடுத்த ஆடியில் ஊர்க்காரர் தன் வீடியோவை ஏற்றினால், அவருக்குக் கிளெய்ம்.

இந்தப் பாட்டில் யாருக்கு என்ன சொந்தம்? தலைமுறை தலைமுறையாக வந்த கும்மி வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் பெயர் இல்லை, காலமும் கடந்தாயிற்று. அது யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே யாரும் பூட்டவும் முடியாது. ஆனால் கடந்த ஆண்டுப் புயலையோ புதுப் பாலத்தையோ பற்றி ஒருவர் புதிதாக நான்கு கண்ணி கட்டிச் சேர்த்திருந்தால், அந்த நான்கும் அவருடையவை. பதிவு செய்யவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பாடிய பெண்கள் ஒவ்வொருவருக்கும் 38ஏ பிரிவில் நிகழ்த்துநர் உரிமை உண்டு. அவர்கள் சம்மதமில்லாமல் அந்தப் பாடலைப் பதிவு செய்து பொதுவில் விட முடியாது. சொந்தத்துக்குக் கேட்கவும், கற்பிக்கவும், ஆய்வுக்கும் பதிவு செய்வதை 39ஆம் பிரிவு அனுமதிக்கிறது. விற்கவோ ஏற்றவோ அனுமதிக்கவில்லை. கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டுக்கும் இதே கணக்கு. மன்னார்ப் பக்கத்திலிருந்து நம் போன்களுக்கு வரும் பதிவுகளையும் கேட்பாரற்றவை என்று எண்ண வேண்டாம்; ஒரு நாட்டுப் படைப்பை மற்ற நாடுகளும் காக்கும் பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் இருப்பதால், அவற்றிலுள்ள புது வரிக்கும் மெட்டுக்கும் இங்கேயும் பாதுகாப்பு உண்டு.

காத்துக்கொள்வதற்குச் செலவு அதிகமில்லை. போனில் பதிவு செய்யும்போது முடிந்தால் வேவ் (WAV) என்ற சுருக்கப்படாத வடிவில் எடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு 5 எம்பி சொச்சம். பத்து நிமிடக் கும்மிக்கு 53 எம்பி. போனைக் கும்மி வட்டத்துக்குள் வைத்தால் கைத்தட்டு வெடித்துப் பாட்டு கெடும். ஆறேழு அடி தள்ளி வையுங்கள். கடற்காற்றுக்கு மைக் துளை மேல் மெல்லிய துணி ஒன்று போதும். முக்கியமானது, அந்த மூல ஃபைலை வெட்டாமல், ஒட்டாமல், வாட்ஸ்ஆப்பில் அனுப்பி அழிக்காமல் வைத்திருப்பது. அதை அப்படியே கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். ஏற்றிய தேதி அங்கே நிற்கும். நாளைக்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் சாட்சியச் சட்டமான 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு இந்த மூல ஃபைல்தான் பேசும். பழைய வழக்கறிஞர்கள் முந்தைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இதை இன்னும் '65பி' என்பார்கள். பதிப்புரிமைச் சட்டத்திலும் ஒரு 65பி இருக்கிறது, அது வேறு. இங்கே நமக்கு அதுவும் தேவைப்படுகிறது.

எம்பி3 ஃபைலுக்குள் பெயர், பாடியவர், இசை, ஆண்டு, குறிப்பு என்று எழுதுகிற இடங்கள் உண்டு. எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருளில் திறந்து தமிழிலேயே நிரப்பலாம். பாடியவர் கட்டத்தில் பெண்களின் பெயர்களும் ஊரும்; குறிப்புக் கட்டத்தில் சொல்லித் தந்தவர் யார், எந்தத் திருவிழா, என்ன தேதி; உரிமைக் கட்டத்தில் 'பெயர் சொல்லிப் பகிரலாம், காசு பார்க்கக் கூடாது' என்று. தங்கள் படைப்பைப் பிறர் பகிர அனுமதிப்போருக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் இதே பொருளுக்கு ஆயத்தமான வாசகம் இருக்கிறது. பகிர்வதை நாங்கள் தடுக்கவில்லை என்பது இதிலேயே விளங்கும். இந்தக் கட்டங்களை அழித்துவிட்டுத் தன் தளத்தின் பெயரைப் போடுகிறவர் மேல் பாய்வதுதான் மேலே சொன்ன 65பி. தெரிந்தே உரிமைத் தகவலை நீக்கினால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும். திருட்டுத் தளத்துப் பாட்டுகளில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தளத்தின் பெயர் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். குரூப்பில் போடும்போது இந்த எம்பி3ஐ 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் ஃபைல் பெயரும் கெடாமல் போகும்.

புதிதாகக் கட்டிய பாட்டு என்றால் டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் 14ஆம் படிவத்தில் பதியலாம். வரிகளுக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000. ஆட்சேபம் சொல்ல 30 நாள் விடுவார்கள். சான்றிதழ் வந்துவிட்டால் பொய்யென்று காட்ட வேண்டிய பாரம் எதிராளிக்குப் போய்விடும். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருப்பதால் பயனில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு பென்டிரைவ் வாங்கலாம்.

கிளெய்ம் வந்துவிட்டால், நம் பாட்டுத்தான் என்று உறுதி இருக்கும்போது தயங்காமல் எதிர்க்கவேண்டும். கிளெய்ம் செய்தவருக்குப் பதில் சொல்ல 30 நாள். சொல்லாவிட்டால் கிளெய்ம் விழுந்துவிடும். விளக்கத்தில் ஆத்திரப்படாமல், எந்த நாள், எந்த ஊரில், யார் பாடி, யார் பதிவு செய்தது, மூல ஃபைல் எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். மற்றத் தளங்களுக்கு 52(1)(சி) பிரிவின்படி எழுத்துமூலப் புகார். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி அதில் படைப்பின் விவரம், அது நம்முடையது என்பதற்கான ஆதாரம், மீறல் இருக்கும் இணைப்பு முகவரி, ஏற்றியவர் தெரிந்தால் அவர் விவரம், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவருவோம் என்ற உறுதி ஆகியவை இருக்க வேண்டும். 36 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது அந்த 21 நாளைத்தான். உத்தரவு வராவிட்டால் தளம் பாட்டை மறுபடி திறந்துவிடலாம். வழக்குக்குச் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டாம். 62ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட வழி வைத்திருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரவேண்டும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கடற்கரை ஊர்களில் முகாம் நடத்தும்போது பதிப்புரிமைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆல்பம் எடுக்கிறோம் என்று வெளியூரிலிருந்து வந்து, சாப்பாடும் சேலையும் கொடுத்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. எழுத்தும் கையெழுத்தும் இல்லாமல் உரிமை மாறாது. தாளில் எந்தப் பாட்டு, என்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எவ்வளவு தொகை என்று இருக்க வேண்டும். ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவே எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, உரிமை திரும்பிவிடும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் தங்கள் சமபங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாது. 'எல்லா உரிமையும் நிரந்தரமாக' என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்தப் பங்கு போகாது. கையெழுத்துப் போட்ட தாளின் ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். தர மறுத்தால் பாட வேண்டியதில்லை.

கடைசியாக, இந்த ஆடியில் பதிவு செய்யப் போகும் இளைஞர்களுக்கு. ரெக்கார்டிங் பட்டனை அழுத்தியதும் நேரே பாட்டுக்குப் போகாமல், பாடப் போகிறவரே தன் பெயர், ஊர், தேதி, இந்தப் பாட்டை யாரிடம் கேட்டுக் கற்றார், எந்தக் கண்ணி தானே கட்டியது, இதை எங்கெல்லாம் போட சம்மதம் என்பதைப் பத்து விநாடியில் சொல்லட்டும். பிறகு பாடட்டும். திருடுகிறவர் அந்தப் பத்து விநாடியை வெட்டிவிடுவார். உங்களிடம் உள்ள மூல ஃபைலில் அது இருக்கும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, மைக்செட் தொழில் செய்வோர் சிலர்,
பாம்பன் – மண்டபம்,
இராமநாதபுரம் மாவட்டம்.